அப்படி ஒரு பாகம் இல்லை

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி. நோ சச் பார்ட்டிஷன். அப்படி ஒரு பாகம் இல்லை. குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். மாறவில்லை. வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மினுங்கியது, ம், சொல்லு, ம், சொல்லு என்று கேட்கிற மாதிரி. என்னத்தைச் சொல்ல. திருநெல்வேலி சிவில் கோர்ட்டில் அவர் வாழ்நாளெல்லாம் நடத்தியது பாகப்பிரிவினை வழக்குகள்தான். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெரியப்பா பிள்ளை, கிணற்றில் பாதி, களத்தில் கால்வாசி. வாதி கேட்கிற அப்படியொரு பாகமே கிடையாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று சொல்லும்போதெல்லாம் இவருக்கு உள்ளூர ஒரு உற்சாகம் கிளம்பும், அங்கியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார், அந்தக் குரல் வராந்தா தாண்டி டீக்கடை வரைக்கும் கேட்கும் என்பார்கள். இப்போது யாரிடம் எழுந்து நிற்பது, எதைக் கொண்டு சொல்வது. போன வருஷம் தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான், அதன் மேல் ஒரு வலைத்துணி. குரல் என்று மிச்சம் இருந்தது இந்த லேப்டாப்பில்தான் இருந்தது. அந்த லேப்டாப்தான் இப்போது அப்படி ஒரு பாகம் இல்லை என்கிறது.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வடிவு பையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குக் கிளம்பும்போது, "பால அடுப்புல வச்சிருக்கேன், சிம்முலதான் இருக்கு, ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க" என்றாள். இவர் 'சரி' என்று தட்டினார், லேப்டாப் அவருடைய குரலில் சரி என்றது. அவருடைய குரல்தான். ஆபரேஷனுக்கு முன்னால் கிடைத்த கொஞ்ச நாளில் மகள் தமயந்தி புனேயிலிருந்து வாக்கியம் வாக்கியமாக எழுதி அனுப்பினாள், இவர் மாடி அறையில் உட்கார்ந்து வாசித்தார், பக்கத்தில் இருந்து பதிவுப் பொத்தானை அமுக்கியது வடிவு. நேற்று பெய்த மழையில் வாழைகள் சாய்ந்தன. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. என்ன வாக்கியங்கள் இவை, எந்த மனுஷன் வீட்டில் இப்படிப் பேசுகிறான் என்று எரிச்சலாக வரும். ஆனால் மகள் அதையெல்லாம் சேர்த்து ஒரு புரோகிராமுக்குள் ஊற்றி, இவர் எதைத் தட்டினாலும் இவர் குரலிலேயே சொல்லும்படி செய்து கொடுத்தாள். ழகரம் சுத்தமாக வரும். வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி தட்டையாக நின்றுவிடும். கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றும் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள், தகர டப்பாவில் வண்டு அகப்பட்டுக்கொண்ட சத்தம், அதை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். தட்டையாக இருந்தாலும் இது நான். மருந்துக் கடைக்காரரிடம் இதை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டைகூடப் போட்டிருக்கிறார்.

பிறகு ஏன் தொட்டேன். அதைத்தான் மனசு சுற்றிச் சுற்றி வந்து இடித்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் திரை ஓரத்தில் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும், இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடியப்போகிறது, புதியதற்கு மாறுங்கள் என்று. தமயந்தி சொல்லியிருந்தாள், "அத நீங்க தொடாதீங்கப்பா, பொங்கலுக்கு வரும்போது நான் செஞ்சு தாரேன்." எல்லாவற்றையும் யாராவது ஒருவர் வந்துதான் செய்து தருகிறார்கள். மாத்திரையை எடுத்துத் தருகிறார்கள், பேங்கில் பேசித் தருகிறார்கள், ஆட்டோக்காரரிடம் இடம் சொல்லித் தருகிறார்கள். இவரிடம் வழக்கு நடத்திய பழைய கட்சிக்காரர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்து இவரை முன்னால் வைத்துக்கொண்டே வடிவிடம், "சாருக்குக் காது கேக்கும்லா?" என்று கேட்டார். அது உள்ளே எங்கேயோ கிடந்திருக்கிறது. இந்த ஒரு வேலையையாவது நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தாகிவிட்டது. முதலில் முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அது சொன்னது. கெட்டிக்காரர், எடுத்தார். பழைய தீர்ப்புகள், வழக்குக் கட்டுகளின் போட்டோக்கள், யாரும் இனிமேல் கேட்கப்போகாத காகிதங்கள் எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டார். இடம் போதவில்லை. பென்டிரைவில் குரல் என்று ஒரு ஃபோல்டர், மகள் வைத்துவிட்டுப் போன பிரதி. அதுதான் லேப்டாப்பிலேயே இருக்கிறதே என்று அதை அழித்தார். பிறகு பாதி வழியில் அது கேட்டது, இடம் குறைவு, பயன்படாத பாகம் ஒன்று இருக்கிறது, நீக்கிவிட்டுத் தொடரலாமா என்று. பயன்படாத பாகம் என்ற வார்த்தையில் கொஞ்சம் தயங்கினார். தயங்கிவிட்டு ஆம் என்பதை அமுக்கினார். வேலை நடப்பதைக் காட்டுகிற கம்பி ஓடியது, நூறு சதம் வந்தது, வெற்றி என்றது, ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றது. அணைத்துப் போட்டார்.

மறுபடியும் அணைத்துப் போட்டார். அதே வரி. பொத்தானை நீளமாக அமுக்கி, மனசுக்குள் எண்ணி, விட்டு, போட்டார். அதே வரி. சார்ஜர் வயரைப் பிடுங்கி மாட்டினார். இதில் என்ன பிரயோஜனம் என்று தெரிந்தேதான் மாட்டினார். துளை வழியாக மூச்சு சீ சீ என்று அவசரமாகப் போய் வந்தது, அது மட்டும்தான் வீட்டில் சத்தம். ஆஸ்பத்திரியிலும் ஒரு ஆம் உண்டு. தாளில் இருந்தது, கீழே கையெழுத்து. அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார், எடுத்தால் உயிர் நிச்சயம், எடுக்காவிட்டால் கட்டி பரவும். அன்றைக்கு ஆம் சொன்னதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்குச் சொன்னதற்கு என்ன நியாயம். அன்றைக்கு எடுத்தவர்கள் வேறு ஆட்கள், மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். இன்றைக்கு எடுத்தது நானே, முழு நினைவோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு. இதை வடிவிடம் எப்படிச் சொல்வேன் என்று நினைத்தார். சொல்வேன் என்ற அந்த வார்த்தை எந்தக் குரலில் வந்தது? உள்ளே பேசுகிறபோது இத்தனை நாளும் பழைய குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார், டீக்கடை வரைக்கும் போகிற குரலில். ஆனால் கொஞ்ச நாளாக ஒரு சந்தேகம், உள்ளே ஓடுகிற வாக்கியமும் முடிகிற இடத்தில் தட்டையாக நிற்கிறதோ என்று. பெட்டியின் குரலைக் கேட்டுக் கேட்டு அதையே உள்ளேயும் பழகிவிட்டோமோ. அப்படியானால் பெட்டியிலும் இல்லாமல் போனால்? உள்ளே என்ன குரலில் நினைப்பேன்? குரலே இல்லாமல் வெறும் எழுத்தாக, கறுப்பில் வெள்ளையாக, ஒரு வரி, கீழே ஒரு கோடு, ம், சொல்லு, ம், சொல்லு.

கதவுப் பக்கம் காற்று சாம்பல் நிறமாக இருந்தது. ஏதோ மேகம் போல என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் உறைத்தது, பால். மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் வாடை என்பதே அவருக்கு இல்லாமல் போயிருந்தது, மல்லிகையும் இல்லை, தீய்ந்த பாலும் இல்லை. ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். பாத்திரத்தின் அடியில் கறுப்பாகப் பொருக்கு, புகை கழுத்துத் துளைக்குள் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. சத்தமில்லாத இருமல், துருத்தி மாதிரி வெறும் காற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பாத்திரம் பாலைக் காபந்து பண்ணத் தெரியாத ஆள், ஒரு குரலைக் காபந்து பண்ணப் போனானாம். கண்ணில் நீர் வந்தது புகையால்தான், பெரும்பாலும் புகையால்தான். ஜன்னலைத் திறந்துவிட்டு அறைக்குத் திரும்பி, போனை எடுத்து, திரையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். கீழே எழுதினார்: அப்டேட் பண்ணினேன். வம்பாகிவிட்டது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

உடனே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். புனேயில் வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம், அதற்கு மேல் தமயந்தி. "அப்பா, நான் பேசுதேன், நீங்க கேட்டா போதும். ஆமான்னா மேசைல ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. சரியா?" மோதிர விரலால் ஒரு தட்டு தட்டினார். "அம்மா வீட்ல இருக்காளா?" இரண்டு தட்டு. "நல்லதாப் போச்சு. அப்டேட் நடுவுல ஏதாச்சும் பாகத்த எடுக்கவான்னு கேட்டுதா?" ஒரு தட்டு. "சரின்னுட்டீங்களா?" ஒரு தட்டு. சாட்சிக் கூண்டில் இப்படித்தான் எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறார், ஆமா இல்லையா, ஒரே வார்த்தையில் பதில் சொல்லும், விளக்கமெல்லாம் வேண்டாம். அவர்களுக்கெல்லாம் தொண்டைக்குள் எவ்வளவு விளக்கம் இருந்திருக்கும். "பரவால்லப்பா, பயப்படாதீங்க. அப்படியே போயிருந்தாலும் பென்டிரைவ்ல குரல் காப்பி இருக்குல்லா?" விரல் மேசைக்கு மேல் நின்றது. வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. "அப்பா?" விரல் அப்படியே நின்றது. "அப்பா, கேக்குதா?" ஒரு தட்டு. கேட்கிறது, அதற்கு மட்டும் ஆமாம். அவள் பக்கத்தில் ஒரு கதவு மூடும் சத்தம், மெஷின் சத்தம் குறைந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அந்தக் கதவுச் சத்தத்திலேயே இவருக்குத் தெரிந்தது. "என்கிட்டயும் தனியா இல்லப்பா. பழைய கம்பெனி லேப்டாப்புல வச்சிருந்தேன், வேலய விடும்போது குடுத்துட்டேன். அங்க ஒண்ணு இருக்குல்லான்னு இருந்துட்டேன்" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தவருக்கு அது திட்டைவிட அதிகமாக உறைத்தது. சின்னப்பிள்ளையில் சைக்கிளில் இருந்து விழுந்து எழுந்து, வலிக்கவில்லை என்று முகத்தை வைத்துக்கொள்வாளே, அதே குரல். பிறகு, "சரி. இருக்கான்னு பாத்துருவோம். கீபோர்டுல கைய வைங்க."

அவள் சொன்ன எழுத்துகளைத் தட்டினார். எல், எஸ், என்டர். திரையில் அடைப்புக்குறிக்குள் வரிசையாகச் சில பெயர்கள் வந்தன. படம் பிடித்து அனுப்பினார். "ஆ, பாருங்க, பாகமெல்லாம் இருக்குப்பா. மொத்த டிஸ்க்கும் போகல. ஒவ்வொண்ணாத் திறந்து பாப்போம். எதுக்குள்ள என்ன இருக்குன்னு அது சொல்லும்." கோர்ட்டு அனுப்பின கமிஷனர் போய் ஸ்தலத்தைப் பார்வையிடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டார், சங்கிலியும் அளவுகோலுமாக, முதல் மனை, இரண்டாவது மனை. முதலாவதைத் திறந்தார். தெரியாத அமைப்பு என்றது. அடுத்தது. தெரியாத அமைப்பு. "அது வெறும் இடம்தான், விடுங்க, அடுத்ததுக்குப் போங்க" என்றாள், ஆனால் அவள் வேகமாகப் பேசினாள். கடைசிக்கு முந்தியதைத் தட்டி, அடைப்புக்குறியைத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, என்டரை அமுக்கினார். இந்த முறை தெரியாது என்று சொல்லவில்லை. இரண்டே சொற்கள் வந்தன. முதலாவது லாஸ்ட் ஃபவுண்ட். தொலைந்ததும் கிடைத்ததும். அப்படி ஒரு ஃபோல்டருக்கு யார் பேர் வைத்தார்கள், ரயில்வே ஸ்டேஷன் ஜன்னல் மாதிரி. இரண்டாவது, குற்றாலிங்கம். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், மகள் அன்றைக்கு அடித்த அதே எழுத்துப் பிழையோடு அவருடைய பெயர். எடுத்த படம் மங்கலாகத்தான் வந்தது, அப்படியே அனுப்பினார்.

"அப்பா!" என்று கத்தினாள் தமயந்தி. "இருக்குப்பா! அதான் உங்க வீடு, அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு. நீங்க எடுத்தது முன்னால கிடந்த காலி இடம். அத எடுத்ததும் பின்னால உள்ளதுக்கெல்லாம் நம்பர் மாறிட்டு. பழைய நம்பர்ல போய்த் தேடிட்டு இல்லன்னு சொல்லுது, அவ்வளவுதான்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். அட, இதுதானா. இதை எனக்கு யாராவது இந்த பாஷையில் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா. மறுஅளவை நடந்து பழைய சர்வே நம்பர் போய்ப் புது நம்பர் வந்திருக்கும், பத்திரத்தில் பழையது, பட்டாவில் புதியது, நிலம் மட்டும் அதே இடத்தில் அதே வேப்பமரத்தோடு கிடக்கும், அது இல்லவே இல்லை என்று இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடப்பார்கள். முக்கூடல் பக்கம் ஒரு அம்மா, இசக்கியம்மாள் என்று பெயர், நம்பர் தப்பாகிப் போனதால் நிலமே போய்விட்டது என்று நம்பி அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள், கடைசியில் இவர் காரில் கூட்டிக்கொண்டு போய் வரப்பில் நிறுத்திக் காட்டினார், குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கதான் கெடக்கா?" என்று நிலத்தைப் பார்த்துக் கேட்டாள், கோபமாக. அந்தக் கோபம் இப்போதுதான் அவருக்கு விளங்கியது. இங்கேதான் கிடந்தாயா. மகள் அடுத்தடுத்து நீளமான வரிகளைச் சொன்னாள், எந்தப் பாகத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று புது நம்பரைச் சொல்லிக்கொடுக்கிற வரிகள். எழுத்து எழுத்தாகத் தட்டினார். கடைசி வரியை அமுக்கியதும் கறுப்பு போய், ஒரு ஊதா நிறம் வந்து, ஒரு வட்டம் சுற்றி, சுற்றி, திரையில் வடிவும் தமயந்தியும் குற்றாலத்தில் நனைந்த தலையோடு நிற்கிற படம் வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு கிளம்பி வலைத்துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது. "வந்துட்டா?" ஒரு தட்டு. "வந்துட்டா அப்பா?" தட்டு, தட்டு, தட்டு, எதற்கும் கணக்கில்லாமல் உள்ளங்கையால் மேசையை அறைந்தார். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அணைச்சிராதீங்க, அந்த நம்பர நிரந்தரமா எழுதி வைக்கணும். அதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர எனக்கு அனுப்பிருங்க. இப்பவே."

அனுப்புவதற்காக ஃபோல்டரைத் திறந்தார். வாக்கியம் வாக்கியமாக வெட்டினவை ஒரு பக்கம், வெட்டாமல் அன்றைக்கு அப்படியே பதிவானவை ஒரு பக்கம், அவற்றை ஒருநாளும் கேட்டதில்லை. மகளிடம்கூட வெட்டினவைதான் போயிருந்தன. இருக்கிறதா என்று ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அந்த அம்மா மண்ணைத் தொட்ட மாதிரி. ஏதோ ஒன்றின்மேல் அமுக்கினார். அப்போது வாசல் கேட் சத்தம், செருப்பை உதறுகிற சத்தம், "ஐயோ, என்ன தீஞ்ச வாடை இது, தெருமுனை வரைக்கும் அடிக்கு, ஒரு பாலப் பாத்துக்கிட மாட்டியளா" என்று சொல்லிக்கொண்டே வந்த வடிவு, கீரைக்கட்டு பிதுங்கும் பையோடு அறைவாசலில் நின்றுவிட்டாள். உள்ளே குரல் பேசிக்கொண்டிருந்தது. தட்டையான குரல் அல்ல. காலையில் ஒன்பது மணி வெயில் மரத்தின் மேல் விழுந்தது, என்று மேலே ஏறிக் கீழே இறங்கி, நடுவில் எச்சில் விழுங்கி, எரிச்சலோடு வாசித்தது. காகிதம் திருப்புகிற சத்தம். பிறகு எங்கிருந்தோ வடிவின் குரல், இப்போதைய வடிவு இல்லை, பெட்டிக்குள் இருக்கிற வடிவு: "சோறு ஆறிப்போகு. இப்படி ஊமை மாதிரி பேப்பரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி?"

வாசலில் நின்றவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டிக்குள் ஒரு நீண்ட அமைதி. எங்கோ ஒரு காகம். அந்த அமைதியில் அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், அவருக்கு ஞாபகமே இல்லை. பிறகு அவருடைய குரல், ரொம்பச் சாதாரணமாக: "ஏளா, அவசரப்படாத. அடுத்த வாரத்துலேர்ந்து அதான வேலை." அப்புறம் அவள்தான் முதலில், அடக்க முடியாமல் மூக்கு வழியாக ஒரு சத்தம், உடனே அவர். சிரிப்பு. வயிற்றிலிருந்து உருண்டு வந்து, தொண்டையில் தட்டி, உடைந்து, இருமலாகி, மறுபடி சிரிப்பாகி. புரோகிராமுக்குச் சிரிக்கத் தெரியாது. ஹஹா என்று தட்டினால் ஹஹா என்று வாசிக்கும். சிரிப்பு என்ற ஒன்று தன்னிடம் இருந்ததையே அவர் மறந்து வருஷம் ஒன்றாகியிருந்தது. போனிலிருந்து தமயந்தி, "அப்பா? யாரு அது சிரிக்கது? அது நீங்களா?" என்றாள். வடிவு பையைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் தோளைப் பிடித்தாள். பிடித்த கையில் தெரிந்தது, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரோ என்று பயந்து குனிந்து முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்து, கண் இடுங்கி, கழுத்துத் துணி படபடக்க, ஒரு சத்தமும் இல்லாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது.